இரண்டு விரல் இடைவெளி

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு எதிரே ஒரு வேகத்தடை இருக்கிறது. எந்த அளவில் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது; தார் மிச்சமிருந்த அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் இருபத்தாறு வருஷம் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த இடம் இன்னொரு வகுப்பறை. மல்லாட்டை மூட்டை ஏற்றிய குட்டி யானை வரும். பின்பக்கத்தை ஒரு தூக்குத் தூக்கிப் போடும், அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிடும். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிற வேன் வரும். தடையைத் தாண்டிப் பத்து அடி போன பிறகும் மூன்று நான்கு தரம் தலையாட்டிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை எண்ணினால் போதும், ஷாக் அப்சார்பர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்தான். வண்டி, கைமாறி வாங்கிய போலோ ஜி.டி. 2013-இல் இங்கே வந்த மாடல், 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்து லட்சத்துக்குள் சம்பளக்காரப் பையன்களுக்கு அகப்பட்ட வேகமான வண்டிகளில் அதுவும் ஒன்று. 2022-இல் கம்பெனி அதை நிறுத்தியதிலிருந்து, வைத்திருப்பவர்கள் கோயில் காளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, நம் பையன்களுக்குக் கார் என்றாலே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகிற, அந்த அணி ஓட்டிய போர்ஷேதான் கண்ணில் நிற்கிறது.

வேகத்தடையில் அவன் நேராக ஏறவில்லை. ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம் என்று கோணலாக ஏற்றி இறக்கினான். பழகிய கை. வந்து உட்கார்ந்ததும் சொன்னான்:

"மாமா, வண்டிய கொஞ்சம் எறக்கலாம்னு இருக்கேன்."

"ஏன், லோடு ஏத்தியிருக்கியா?"

"இல்ல மாமா, லோயரிங். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல நாலு விரல் போகுது பாருங்க. ஜீப்பு மாதிரி இருக்கு. ரெண்டு விரலாச்சும் ஆக்கிடலாம். நாப்பது மில்லிமீட்டர் எறக்குற கிட்டு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

இரண்டு டீ சொன்னேன். இது ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை என்று தெரியும்.

முதலில் வில்வண்டியிலிருந்து தொடங்கினேன். எங்கள் தாத்தா காலத்தில் மூட்டை ஏற்றுகிற கட்டை வண்டி வேறு, பெண்டுபிள்ளைகள் கோயிலுக்குப் போகிற வில்வண்டி வேறு. வித்தியாசம் அடியில் இருந்த வில்தான், அதாவது பட்டை பட்டையாக அடுக்கிய எஃகுத் தகடு. சக்கரம் கல்லில் ஏறும்போது அந்தத் தூக்கல் நேராக உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்குப் போகாமல், வில் முதலில் வாங்கி மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். வாங்கி வைக்க அதற்கு இடம் வேண்டும். சக்கரம் மேலே ஏறி வர எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் வில்லின் வேலை. அந்த இடம் தீர்ந்துபோனால் வில்வண்டியும் கட்டை வண்டிதான்.

"உன் வண்டியிலயும் அதே கணக்குதான். நீ நாலு விரல்னு சொல்ற பாரு, அது அழகு கெடுக்குற சந்து இல்ல. சக்கரம் ஏறி வர்ற வழி."

பேப்பரில் எழுதிக் காட்டினேன். நின்ற நிலையிலிருந்து சக்கரம் மேலே 80 மில்லிமீட்டர் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 50. சாலை மாறவில்லை, பள்ளம் அதே பள்ளம், அது கொடுக்கிற குத்தும் அதே குத்து. முன்பு எட்டு சென்டிமீட்டரில் விழுங்கியதை இப்போது ஐந்து சென்டிமீட்டரில் விழுங்க வேண்டும். ஸ்பிரிங் தேக்கி வைக்கிற சக்தி, அமுங்குகிற தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வருகிறது. ஆகவே எட்டை ஐந்தால் வகுத்து அதை அதனாலேயே பெருக்கினால் சுமார் இரண்டரை. ஸ்பிரிங் இரண்டரை மடங்கு விறைப்பாக இருந்தால்தான் அதே குத்தை முட்டாமல் வாங்கும்.

கடையில் விற்கிற லோயரிங் ஸ்பிரிங் எதுவும் அவ்வளவு விறைப்பு கிடையாது. பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது சதவீதம்தான் கூட்டியிருப்பார்கள், இல்லையென்றால் யாரும் ஓட்ட முடியாது. மீதி வேலையை யார் செய்வது? ஷாக்கின் தண்டில் தொப்பி போல மாட்டியிருக்கிற பம்ப் ஸ்டாப். முன்பெல்லாம் கெட்டி ரப்பர். இப்போது நுரை மாதிரியான பாலியூரித்தேன். அதுவும் ஒரு வகையில் ஸ்பிரிங்தான், ஆனால் அவசரத்துக்கு வைத்த ஸ்பிரிங். தாழ்த்திய வண்டியில் அது தினசரி வேலைக்கு வந்துவிடுகிறது. "செம ஸ்டிஃப் மச்சி" என்று பையன்கள் மெச்சிக்கொள்கிறார்களே, அதில் பாதி பம்ப் ஸ்டாப் முட்டுகிற சத்தம்.

"அப்ப ஸ்பிரிங்க ரெண்டரை மடங்கு போட்டுட்டா?"

போடலாம். போலோவின் முன் மூலையில் ஒரு சக்கரம் தாங்குகிற எடை 250 கிலோ என்றும், ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ வேண்டும் என்றும் எடுத்துக்கொண்டால், வண்டி நொடிக்கு 1.4 தரம் மேலும் கீழும் ஆடும். நாம் உலாத்துகிற நடையின் தாளம் ஏறக்குறைய அதுதான். அதனால்தான் அந்த ஆட்டம் உடம்புக்கு உறுத்துவதில்லை. இரண்டரை மடங்கு விறைப்பாக்கினால் அது 2.2-ஐத் தாண்டும். அது ஓட்டத்தின் தாளம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் அரை மணி நேரம் அப்படிப் போகலாம். 2010-இல் தொடங்கிய போலோ கோப்பைப் பந்தயத்தில் போலோ வண்டிகளைத்தான் அப்படி ஓட்டினார்கள். ஆனால் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகச் செஞ்சி வரை ஓடிக்கொண்டே வருகிறவனுக்கு இடுப்பு என்ன ஆகும்?

டீ வந்தது. அவன் ஃபோனை எடுத்து ஒவ்வொரு கிட்டாகக் காட்ட ஆரம்பித்தான். நானும் என் பழைய கதையைச் சொன்னேன், ஏனென்றால் இந்த ஆசையில் நான் அவனுக்கு முன்னோடி.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ஒரு மாருதி ஸென் இருந்தது. அப்போது கிட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. காயிலை வெட்டுவதுதான் வழி. நானே கிரைண்டரை வைத்து முன் ஸ்பிரிங் இரண்டிலும் ஒரு சுற்றை அறுத்தேன். பாடம் நடத்துகிறவன் செய்கிற வேலையா என்று கேட்டால், பாடம் நடத்துகிறவன்தான் செய்வான். காயில் ஸ்பிரிங்கில் வேலை செய்கிற சுற்று எத்தனை குறைகிறதோ அத்தனை விறைப்புக் கூடும். ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், வண்டியும் அழகாகத்தான் உட்கார்ந்தது. நான் மறந்தது வேறு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை அதன் தட்டில் படிந்து உட்காருகிற மாதிரி கம்பெனியில் வளைத்திருப்பார்கள். வெட்டினால் அந்தப் படிவு போய்விடும். அதோடு உயரமும் குறைந்துவிட்டதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டை விட்டுக் கழன்று ஆடும். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சிறுபாலத்து மேட்டில் வண்டி எகிறியது, இறங்கும்போது இடது ஸ்பிரிங் தட்டில் கோணலாக உட்கார்ந்து டயரை உரச ஆரம்பித்தது. வீட்டம்மா பக்கத்தில். அன்றைக்குக் கேட்ட பேச்சை எழுதுவதற்கில்லை.

வெட்டுவதாவது பரவாயில்லை. கேஸ் டார்ச் வைத்துக் காயிலைச் சூடாக்கி, தானாக அமுங்க விடுகிறவர்களும் உண்டு. எஃகின் பதம் அதோடு போயிற்று. அப்படிச் செய்கிற பட்டறைக்குப் பஞ்சர் ஒட்டக்கூட வண்டியை விடாதீர்கள்.

இப்போதைய பையன்களுக்கு மூன்று வழி. லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாற்றி, இருக்கிற ஷாக்கையே வைத்துக்கொள்வது ஒன்று. ஐபாக், ஹெச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் பெயர்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. அடுத்தது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்ந்து வருகிற செட்; பில்ஸ்டைன், கோனி மாதிரி. மூன்றாவது காயிலோவர்: தண்டில் மரை வெட்டி, வளையத்தைத் திருகி உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிற வகை. ஜப்பானின் டெய்ன், ஜெர்மனியின் கே.டபிள்யூ., தைவானின் பி.சி. ரேசிங் என்று போகும். விலையும் பொதுவாக இந்த மூன்று வழிகளின் வரிசையில்தான் ஏறும்.

முதல் வழியில் ஸ்பிரிங்கைப் பற்றிப் பயமில்லை. முப்பது சதவீதம் விறைப்புக் கூடினால், ஷாக் அதை அடக்க வேண்டிய பலம் பதினான்கு சதவீதம்தான் கூட வேண்டும், ஏனென்றால் அது வர்க்கமூலத்தில் போகிறது. நல்ல நிலையிலுள்ள ஷாக் அதைச் சமாளிக்கும். பிரச்சினை என்னவென்றால், இவன் வண்டி எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஷாக்கின் பிஸ்டன் இத்தனை வருஷம் ஒரே இடத்தில் தேய்ந்து பழகியிருக்கும். இப்போது அதை நாலு சென்டிமீட்டர் கீழே போய் வேலை செய் என்றால், பாதி அமுங்கிய நிலையில்தான் அது நிற்கும். கிழவரை மாடிப்படியில் நிற்க வைத்து மூட்டை தூக்கச் சொல்கிற மாதிரி. ஆறு மாதத்தில் எண்ணெய் கசியும். பழி புது ஸ்பிரிங்குக்கு வரும்.

காயிலோவர் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. "அதுல நாமளே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மாமா. ஊருக்கு வர்றப்ப ஏத்திக்கலாம், அங்க போனா எறக்கிக்கலாம்."

இதைச் சொல்லாத பையனை நான் பார்த்ததில்லை. அப்படி மாதாமாதம் ஏற்றி இறக்குகிறவனையும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தரம் உயரம் மாறும்போதும் வீல் அலைன்மென்ட் மாறும். ஜாக்கி போட்டு, சக்கரம் கழற்றி, நான்கு மூலையும் அளந்து, அலைன்மென்ட் கடைக்குப் போய் வந்தால் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இரண்டு மழைக்காலம் போனால் செம்மண் மரையில் இறங்கி, வளையம் திருகவே மறுக்கும். காயிலோவர் வாங்குவதாகவே இருந்தால் ஒன்றைப் பார்க்க வேண்டும். மலிவானதில் உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் தட்டைத்தான் கீழே இறக்குவார்கள். தட்டு இறங்க இறங்க ஷாக்கின் ஓட்டம் குறைந்துகொண்டே போகும். நல்லதில் ஷாக்கின் அடிப்பாகமே தனி மரையில் திருகி நீளம் மாறும். ஓட்டம் அப்படியே இருக்கும். மேல் மவுண்ட் ரப்பரா, இரும்பு உருண்டையா என்பதையும் கேட்க வேண்டும். இரும்பு உருண்டை என்றால் ஸ்டியரிங் கூர்மையாகும். கூடவே நம் சாலையில் முன்பக்கம் தட்டுமுட்டுச் சாமான் கடை மாதிரி சத்தம் வரும்.

பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடித்து வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த கூட்டம் அன்று கொஞ்சம் அதிகம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து வெளியூர் வண்டிகள் கூடியிருக்கின்றன. எதிர் வேகத்தடையில் வரிசையாக எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நல்ல விளக்கப்படம்.

"சரி, கம்ஃபர்ட் போகட்டும் மாமா. ஹேண்ட்லிங் நல்லா இருக்குமில்ல? வளைவுல சாயாதில்ல?"

இங்கேதான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் நம்புவது பாதிதான் உண்மை. வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறும். எவ்வளவு மாறும் என்பது எடைமையத்தின் உயரத்தையும் இரண்டு சக்கரத்துக்கு நடுவிலுள்ள அகலத்தையும் பொறுத்தது. 1,100 கிலோ வண்டி, எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர், அகலம் 146 சென்டிமீட்டர். புவியீர்ப்பில் பாதி அளவு விசையோடு, அதாவது நன்றாக அழுத்தி ஒரு வளைவு எடுத்தால் சுமார் 205 கிலோ மாறும். மூன்று சென்டிமீட்டர் இறக்கினால்? 195 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பத்துப் பதினோரு கிலோ வித்தியாசம். பின்சீட்டிலிருந்து ஒரு குழந்தையை இறக்கிவிட்ட கணக்கு.

வண்டி உண்மையிலேயே கட்டுக்குள் வந்த மாதிரி தெரிவது ஸ்பிரிங் விறைப்பாலும் புது ஷாக்காலும்தான். உயரம் குறைந்ததால் வந்த லாபம் சொற்பம். அதிலும் போலோ போன்ற வண்டிகளின் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்ஃபெர்சன் என்ற எஞ்சினியரின் பெயரால் வழங்குவது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஃபோர்டின் பிரிட்டிஷ் வண்டிகளில் பரவி, இன்று நம் தெருவில் நிற்கிற சின்ன கார்கள் அநேகமாக அத்தனையிலும் இருக்கிறது. அதில் லோயர் ஆர்ம் என்று ஒரு கை, வண்டியின் உடலிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழ்ச்சரிவாக இருக்கும். வளைவில் உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. ரோல் சென்டர் என்பார்கள். அந்தப் புள்ளிக்கும் எடைமையத்துக்கும் நடுவிலுள்ள தூரம் ஒரு கடப்பாரை மாதிரி. கடப்பாரை நீளமானால் வண்டி சுலபமாகச் சாயும்.

வண்டியை இறக்கினால் அந்தக் கையின் சரிவு போய்ப் படுக்கையாகும்; இன்னும் இறக்கினால் மறுபக்கம் ஏறும். எடைமையம் மூன்று சென்டிமீட்டர் இறங்கும்போது ரோல் சென்டர் பல சமயம் அதைவிட அதிகம் இறங்கிவிடுகிறது. கடப்பாரை நீண்டுவிட்டது. கிட்டில் வந்த விறைப்பு இந்த நஷ்டத்தை ஈடுகட்டவே செலவாகும். இதோடு ஸ்டியரிங் தண்டின் கோணமும் மாறுவதால் பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரியும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும். பந்தய வண்டிக்காரர்கள் இதற்கென்று நீளமான பால் ஜாயின்ட் போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். தெரு வண்டிக்கு இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டருக்குள் நின்றால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. நாற்பதில் தெரியும்.

அவன் காட்டிய கிட்டில் இன்னொரு கண்ணி இருந்தது. அது ஐரோப்பிய வண்டிக்குச் செய்தது. வெளிநாட்டு மாடல்களை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது, நம் சாலையை நினைத்துக் கொஞ்சம் உயர்த்தித்தான் விற்கிறார்கள். டப்பாவில் 40 என்று போட்டிருப்பது அந்த ஊர் வண்டியின் உயரத்திலிருந்து 40. நம் வண்டி அதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் என்றால், அதே ஸ்பிரிங் இங்கே ஐந்தரை சென்டிமீட்டர் இறக்கிவிடும். இரண்டு விரல் கேட்டவனுக்கு ஒரு விரல்கூட மிஞ்சாது. இந்திய வண்டியில் மாட்டியவரிடம், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, மாட்டுவதற்கு முன்பும் பின்பும் டேப் வைத்து அளந்த அளவைக் கேட்க வேண்டும். விரல் கணக்கு உதவாது. டயர் மாற்றினாலே விரல் கணக்கு மாறிவிடும்.

இந்தச் சமயத்தில் கடைக்காரரே எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். ஒரு சிவப்புக் கார், ஐந்து பேர், வேகத்தடையில் ஏறி 'சர்ர்' என்று அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது. "சேம்பர் அடிச்சிடுச்சு," என்றார்.

சாலை விதிப்படி கட்டிய வேகத்தடை இருக்கிறதே, அது ஒன்றும் எதிரி இல்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் அளவு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. நம் சின்ன காரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரண்டரை மீட்டருக்குள்தான் இருக்கின்றன. ஆகவே வண்டி அதன்மேல் நிற்கும்போது சக்கரங்களும் மேட்டிலேயே நிற்கும். வயிற்றுக்கடியில் துருத்துவது நாலரை சென்டிமீட்டர் மட்டும். தாழ்த்திய வண்டிகூடத் தாண்டிவிடும். நாம் போட்டு வைத்திருப்பது அரை மீட்டர் அகலத்தில் பதினைந்து சென்டிமீட்டர் உயரக் கட்டை. அதில் முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாத நேரத்தில் முழுப் பதினைந்தும் வயிற்றுக்குக் கீழே. போலோவின் தரை இடைவெளி சுமார் 165 மில்லிமீட்டர். காலி வண்டியில் ஒன்றரை சென்டிமீட்டர் தப்பும்.

காலி வண்டியில். பின்னால் இரண்டு பேர், டிக்கியில் அக்கா கொடுத்தனுப்புகிற ஐம்பது கிலோ அரிசி, ஆக 190 கிலோ பின் ஆக்ஸிலில் என்று வைத்துக்கொண்டால், மில்லிமீட்டருக்கு இரண்டு கிலோ கணக்கில் இரண்டு பின் சக்கரத்திலும் சேர்ந்து நாலே முக்கால் சென்டிமீட்டர் அமுங்கும். பிரேக் அடித்தால் மூக்கு வேறு குனியும். போர்ஷே 911 வாங்குகிறவர்களுக்கே, மூக்கை மட்டும் நாலு சென்டிமீட்டர் போல உயர்த்திக்கொள்ள ஒரு பட்டனைத் தனிக் காசுக்கு விற்கிறார்கள். ஜெர்மனியில் ஓடுகிற வண்டிக்கே அந்தக் கவலை என்றால் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

"கிட்டுக்கு ஜெர்மன் டி.யூ.வி. சர்ட்டிபிகேட் இருக்கு மாமா. போலீஸ் பிடிச்சா காட்டிடலாம்."

அந்தக் காகிதம் ஜெர்மனியில் செல்லும். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி. புத்தகத்தில் தரை இடைவெளிக்கென்று கட்டம் இல்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நின்ற இடத்தில் வாதாடிப் பார்க்கலாம். போலீஸைவிட எனக்கு இன்சூரன்ஸ்காரர்கள்மேல்தான் பயம். சொல்லாமல் மாற்றிய வண்டி மோதிவிட்டால், சர்வேயர் முதலில் குனிந்து பார்க்கிற இடம் அது.

பையன் முகம் வாடிவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயசுப் பையன்கள் ஆசைப்படாமல் நானா ஆசைப்படுவேன்? ஆனால் கிட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை சொன்னேன். இதற்கு ஆகிற செலவு இரண்டு பிளாஸ்டிக் டை.

முன்சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டின் மேலுள்ள தூசு உறையைத் தூக்கி, பளபளக்கிற தண்டில் ஒரு டையை லேசாக இறுக்கிக் கட்டு. கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக விழக் கூடாது. அடிவரை தள்ளி ஷாக்கின் கழுத்தில் உட்கார வை. பின் ஷாக்கிலும் அப்படியே. பிறகு ஒரு வாரம் வழக்கம்போல வண்டியை ஓட்டு. ஆபீஸ், ஊர், நாலு பேர், அரிசி மூட்டை, எல்லாவற்றோடும். ஒவ்வொரு குத்துக்கும் ஷாக் அமுங்கும்போது கழுத்து அந்த டையைத் தள்ளிக்கொண்டு போகும். அதிகபட்சம் போன இடத்தில் டை நின்றுவிடும். வாரக் கடைசியில் டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அள. அதுதான் நீ செலவழிக்கக் கூடிய கையிருப்பு. அதற்கு மேல் இறக்கினால் கடன்.

கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். இத்தனை வருஷ அனுபவத்தில் மெக்கானிக் பையன்கள் தவறாமல் விடுகிற தப்பு இது. ஸ்பிரிங்கோ ஷாக்கோ மாற்றும்போது லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கி இறுக்கிவிடுவார்கள். அந்தப் புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் கை மேலே வரும், ரப்பர் முறுக்கியபடியே காலமெல்லாம் நிற்கும், சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று பார்த்து வாங்க வேண்டிய வேலை இது.

அவன் கேட்டதால் என் தீர்ப்பையும் சொன்னேன். முதலில் நான்கு ஷாக், ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் புதுசு; நல்ல டயர்; அலைன்மென்ட். ஒரு மாதம் ஓட்டிப் பார். இறுக்கம் போதவில்லை என்று அதற்குப் பிறகும் தோன்றினால், ஒரே கம்பெனியின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட், இந்திய உயரத்திலிருந்து 25 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதது. காயிலோவர், வருஷத்துக்கு நாலு தரமாவது இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூர் கரி பந்தயத் தளத்துக்கோ போவதாக இருந்தால் மட்டும்.

போகும்போது மறுபடி அந்த வேகத்தடையில் கோணலாக ஏற்றி இறக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் மகனிடமும் அப்படி ஒரு வண்டி இருக்கிறதாம்.

பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது. முன்பக்க டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே மிச்சம் 12 மில்லிமீட்டர். பின்பக்க டை பம்ப் ஸ்டாப்பிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டை வாங்கவில்லை, நான்கு ஷாக்கும் மவுண்டும் மாற்றினான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இப்போதும் நாலு விரல் போகிறது.